உவராத்தி மரம்: எல்லாரும் கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

போன மாரிக்கு அக்காவின்ர மகளுக்கு ஒரு கதை எழுதத் தொடங்கினன். கிணத்தடியில நிக்கிற மரம் ஒண்டு கதைக்கு வேணும், மாவும் பிலாவும் அவளுக்கு அலுத்துப்போச்சுது, "மாமா புதுசா ஒண்டு செய்யுங்கோ" எண்டாள். அப்பிடிச் செய்ததுதான் உவராத்தி, உவர்த்தண்ணியில நிக்கிற, பழத்தைத் தின்டுபோட்டுக் குடிச்சா அந்தத் தண்ணியே இனிக்கிற ஒரு கற்பனை மரம். மரத்தின்ர குணங்களை ரெண்டு பக்கத்தில எழுதி அவள் கீறின படத்தையும் சேர்த்து குடும்ப வாட்ஸப் குறூப்பில போட்டன், ஆரோ மேல இருந்த "கதைக்காக" எண்ட வரியை வெட்டிப்போட்டு பார்வேட் பண்ணிப்போட்டினம், அதுக்குப் பிறகு முகம் தெரியாத ஆக்களிட்ட இருந்தெல்லாம் கேள்வி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத ஏலாது, அதால எல்லாத்தையும் இஞ்ச ஒண்டாச் சேர்த்திருக்கிறன்.

மெய்யாவே இப்பிடி ஒரு மரம் இருக்கோ?

இல்லை. நெடுந்தீவிலயும் இல்லை, வன்னிக் காட்டுக்கையும் இல்லை, உங்கட பெரியப்பா சின்னனில தின்டதும் இதில்லை (ஒருத்தர் அடிச்சுச் சொல்லுறார் தின்டவராம், அவர் தின்டது பாலைப்பழமா இருக்கும்). ஆனா இந்த மரத்துக்கு நான் குடுத்த ஒவ்வொரு குணமும் இருக்கிற ஏதோ ஒரு மரத்திட்டக் கடன் வாங்கினது. ஒரு குணத்தை வரவில எழுதினா அதுக்கு மரம் என்ன செலவழிக்குது எண்டு பக்கத்தில செலவும் எழுதோணும், கடைக் கொப்பி மாதிரி. அப்பிடி எழுதாட்டி அது மரமில்லை, மாயாஜாலம்.

கண்டு எங்க வாங்கலாம், என்ன விலை?

மேல இருக்கிற பதிலை இன்னொருக்கா வாசியுங்கோ. ஆரும் உவராத்திக் கண்டு எண்டு சொல்லி ஏதும் வித்தா வாங்காதேங்கோ. பகிடிக்குச் சொல்லேல்லை, குறிப்பு சுத்தித் திரிஞ்ச மூண்டாம் நாளே ஒருத்தர் "ஓடர் எடுக்கிறம்" எண்டு போட்டிருந்தார்.

பேரில "அத்தி" இருக்கு, அப்ப அத்தி இனமோ?

இல்லை. நாங்கள் விளா மரத்தை விளாத்தி எண்டு சொல்லுறமெல்லோ, அந்த மாதிரி உவர் + ஆத்தி. உவர்த்தண்ணியில நிக்கிற மரம். அத்தி வேற உலகம், அத்திப்பழம் எண்டு நாங்கள் சொல்லுறது பழமில்லை, பூவெல்லாம் உள்ளுக்க ஒளிச்சு வைச்ச ஒரு பை, அதுக்குள்ள பூச்சி பூந்துதான் மகரந்தம் சேரும், ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் பெரும்பாலும் தனக்கெண்டு ஒரு குளவி இருக்கு. அந்த வழியால போனா மரத்தோட சேர்த்து ஒரு குளவியையும் கண்டுபிடிக்கோணும், எனக்கு அவ்வளவு தெம்பில்லை.

சரி, எந்தக் குடும்பம்?

தேசிக்காய்க் குடும்பம், ரூட்டேசி. விளாத்தி, வில்வம், கறிவேப்பிலை, தோடை எல்லாம் இந்தக் குடும்பந்தான். வளவில நிக்கிற கறிவேப்பிலையும் கோயில் வில்வமும் சொந்தக்காரர் எண்டு முதல்ல வாசிக்கேக்க எனக்கு நம்ப ஏலாமல்தான் இருந்தது. தேசி இலை ஒண்டைப் புடுங்கி வெய்யிலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்கோ, ஊசியால குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளியள் தெரியும், அது எண்ணெய்ப் பை, இலையைக் கசக்கினா வாற வாசம் அதுக்குள்ள இருந்துதான் வருது. உவராத்தி இலையிலயும் அந்தப் புள்ளி இருக்கு. வாசம் விளாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் இடையில. இளம் மரத்தில முள்ளு, வயசு போகப்போக முள்ளுக் குறையும், விதையில வந்த தேசி தோடையிலயும் இதைப் பாக்கலாம்.

உயரம் 25 அடி மட்டில. அதுக்கு மேல வளர விடேல்லை, ஏனெண்டு கீழ வரும்.

தேசிக் குடும்பம் உப்புக்கு அழுமே, பிறகு எப்பிடி உவர்த்தண்ணியில நிக்குது?

இதைக் கேட்டவர் விவசாயம் படிச்ச ஆள், வடிவாப் பிடிச்சிட்டார். ஓம், தேசி தோடையெல்லாம் உப்புத் தாங்காத சாதி, குளோரைட் கூடினா இலை நுனி கருகி உதிரத் தொடங்கும். அதால உவராத்திக்கு நான் கண்டல் மரத்தின்ர வேலையைக் கடன் வாங்கினன்.

உப்புத் தண்ணியில நிக்கிற மரங்களிட்ட சில வழியள் இருக்கு. சிலது வேரிலயே உப்பை வடிச்சு நிப்பாட்டும். சிலது உள்ள விட்டு இலையில இருக்கிற சுரப்பியால வெளியில தள்ளும், எங்கட யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில நிக்கிற வெண்கண்டல் அப்பிடித்தான், வெய்யில் நேரம் இலையைத் தொட்டு நாக்கில வைச்சா உப்பு. இன்னும் சிலது பழைய இலையில உப்பைச் சேர்த்து அந்த இலையைக் கொட்டிப்போடும், வீட்டுக் குப்பையைப் பையில போட்டு ரோட்டில வைக்கிற மாதிரி. உவராத்திக்கு ரெண்டாவதைக் குடுத்தன். விடியக்காலமை இலையின்ர அடிப்பக்கம் பனியோட கரைஞ்சு பிசுபிசுக்கும், பத்து மணிக்குப் பிறகு பாத்தா வெள்ளைத் தூள்.

இனி செலவு. உப்பை வெளியில தள்ளுறது சும்மா நடக்கிற வேலையில்லை, மரம் அதுக்குச் சக்தி செலவழிக்கோணும், அந்தச் சக்தி வளர்த்திக்குப் போகாது. அதாலதான் 25 அடி. அதாலதான் மெதுவா வளருது. நல்ல தண்ணியில வைச்சா இதைவிட கெதியா வளருமோ எண்டு கேட்டீங்களெண்டா, ஓம் வளரும், ஆனா அங்க மற்ற மரங்கள் இதை முந்திப்போடும். உவர் நிலத்தில போட்டிக்கு ஆளில்லாததாலதான் இது அங்க நிக்குது.

அப்ப பழம் உப்புக் கரிக்குமோ?

முதல் எழுதேக்க அப்பிடித்தான் எழுதினன், உப்பும் இனிப்பும் கலந்த பழம் எண்டு. அவளுக்கும் அது நல்லாப் பிடிச்சிருந்தது. ஆனா பிழை. வேரால ஏறுற தண்ணி வேற குழாய், இலையில சமைச்ச சீனி பழத்துக்குப் போறது வேற குழாய். பழத்துக்குப் பெரும்பாலும் ரெண்டாவது குழாயாலதான் சாப்பாடு போகுது, அதில சோடியம் நல்லாக் குறைவு. அதால உப்பு இலையோட நிக்கும், பழத்துக்குப் பெரிசா வராது. வெட்டினன். அவள் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

பழத்தைத் தின்டுபோட்டு உவர்த்தண்ணி குடிச்சா இனிக்கும் எண்டு போட்டிருக்கு, உது நடக்கிற காரியமோ?

நடக்கும், வளவில நெல்லி நிண்டா இண்டைக்கே செய்து பாருங்கோ. நெல்லிக்காயைக் கடிச்சுச் சப்பிப்போட்டு தண்ணி குடிச்சா இனிக்கும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வாற வழியில செய்த வேலை. வெளியில இதைவிடப் பெரிய ஆக்களும் இருக்கினம், மேற்கு ஆபிரிக்காவில ஒரு சின்னச் சிவப்புப் பழம் இருக்கு, அதைத் தின்டுபோட்டு தேசிக்காய் சூப்பினா சர்க்கரைப்பாகு மாதிரி இருக்கும், அதுக்குள்ள இருக்கிற மிராக்குலின் எண்ட புரதம் நாக்கில இனிப்பை உணருற இடத்தில போய்க் குந்தியிருந்து புளிப்புப் பட்டவுடன இனிப்பு எண்டு சொல்ல வைக்குது. எங்கட சிறுகுறிஞ்சா நேர் எதிர், இலையைச் சப்பிப்போட்டு சீனி போட்டா மண் மாதிரி இருக்கும். வறை செய்து சாப்பிடுறனாங்கள்தானே, பச்சையாச் சப்பிப் பாருங்கோ, பத்து இருபது நிமிசத்துக்கு நாக்கில இனிப்பே ஏறாது.

உவராத்திக்கு நெல்லியின்ர வேலை. கடிக்கேக்க முதல்ல நல்ல புளி, பிறகு கயர், கயரோட கிணத்தடிக்குப் போய் ஒரு வாய் அள்ளிக் குடிச்சா இனிப்பு. தீவுப்பக்கம் சவர்த் தண்ணியோட சீவிச்ச ஆக்களுக்கு அந்த ஒரு வாய் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தனான், கதையின்ர நடுவே அதுதான், மற்றதெல்லாம் அதைச் சுத்திக் கட்டின வேலி.

அப்ப எங்கட உவர்க் கிணத்துப் பிரச்சினை தீர்ந்துதெல்லோ?

தீராது. நாக்கை ஏமாத்தலாம், சிறுநீரகத்தை ஏமாத்த ஏலாது. தண்ணியில இருந்த உப்பு அப்பிடியே உள்ளதான் போகுது.

இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், கன பேருக்குக் கிணறு எப்பிடி உவராகுது எண்டு விளக்கமில்லை. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டுந்தான். சராசரியா 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை வருசத்துக்கு, அதில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள விழும். விழுற மழை சுண்ணாம்புக்கல்லு வெடிப்புக்குள்ளால இறங்கி கீழ கிடக்கிற கடல் தண்ணிக்கு மேல மிதக்குது, நல்ல தண்ணி பாரம் குறைவு. நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழம் போகப்போக உவர் எண்டு சொல்லுறதும் உந்தக் கணக்குத்தான். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டா கீழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். அதை மற்றப் பக்கத்தால வாசியுங்கோ, மேல 1 அடி இறைச்சுக் குறைச்சா கீழ இருந்து உவர் 40 அடி ஏறலாம். துலாவால இறைச்ச காலம் மனிசனுக்குக் களைப்பு வந்தா நிப்பாட்டுவான், மோட்டருக்குக் களைக்காது.

அதோட உப்பு மட்டுமில்லை, தோட்டத்துக்குப் போட்ட யூரியா கிணத்துக்குள்ள நைத்திரேற்றா இறங்குறது எங்கட ஊரில கன காலமா கதைக்கிற பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றுக்கு ருசி இல்லை, அதால உவராத்தி தின்டாலும் தெரியாது, தின்னாட்டியும் தெரியாது. கைக்குழந்தை இருக்கிற வீடு எண்டா கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுப் பாருங்கோ. மரத்தைப் பற்றிக் கேட்டுத் தண்ணிக்கு வந்திட்டம், பரவாயில்லை.

கல்லு நிலத்தில வேர் எப்பிடி இறங்கும்?

வலிகாமம் வடக்கில, பருத்தித்துறைப் பக்கம், தீவுகளில கண்டு வைக்கக் கிடங்கு வெட்டின ஆளுக்கு இந்தக் கேள்வியின்ர வலி தெரியும். ஒரு முழம் மண், அதுக்குக் கீழ அலவாங்கு ணங் எண்டும். ஆனா அந்தக் கல்லு முழுக் கல்லில்லை, மழைத் தண்ணி கரைச்ச ஓட்டையும் வெடிப்பும் நிறைய, வேர் அதைத் தேடிப் பிடிச்சு இறங்கும். உவராத்திக்கு மேல பரந்த வேர், நடுவில ஒண்டு ரெண்டு மட்டும் வெடிப்பு கண்டா கீழ போகும், காணாட்டி போகாது. அதால ஒரே வளவில பத்தடி தள்ளி நிக்கிற ரெண்டு மரத்தில ஒண்டு சித்திரையிலயும் பச்சையா நிக்கும், மற்றது வாடும். ராசி எண்டு சனம் சொல்லும், கீழ வெடிப்பு இருக்கு இல்லை எண்டதுதான் விசயம்.

இன்னொண்டு. எங்கட செம்மண் சிவப்பா இருக்கிறதே இரும்பாலதான், ஆனா சுண்ணாம்பு கூடின இடத்தில அந்த இரும்பை மரத்தால எடுக்க ஏலாது, கண்ணுக்கு முன்னால சோறு, வாய் திறக்க ஏலாது எண்ட நிலைமை. இளம் இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா வரும், தேசி வைச்ச ஆக்கள் பாத்திருப்பீங்கள். உவராத்திக்கும் அந்த வருத்தம் உண்டு. வேணுமெண்டே விட்டனான். வருத்தமே வராத மரத்தை ஆர் நம்புறது.

எப்ப பூக்கும், எப்ப பழுக்கும்?

மாரி முடிஞ்சு தை மாசிப் பனிக்கும் காய்வுக்கும் மொட்டு வரும், மாவும் ஏறக்குறைய அந்தக் காலந்தான். வெள்ளைப் பூ, பொழுதுபட விரியும், விடிய வாடும். இரவுப் பூவுக்கு நிறம் தேவையில்லை, வெள்ளையும் வாசமும் காணும், வாறது விட்டில். நெடுந்தீவில நிக்கிற பெருக்க மரத்தின்ர (பாவோபாப்) பூவும் இரவில விரியிறதுதான், வெள்ளைதான், ஆனா அது கைப்பிடியளவு பெரிசு, ஆபிரிக்காவில அதுக்கு வௌவால்தான் வேலைக்காரன். உவராத்திப் பூ சின்னன், விட்டிலுக்கு ஏத்த மாதிரி குழாயா ஒடுங்கினது. செலவு என்னெண்டா கிணத்தடியில பெரிய லைற் போட்டா விட்டில் எல்லாம் லைற்றைச் சுத்தப் போயிடும், காய்ப்புக் குறையும்.

வைகாசியில இருந்து சோளகக் காத்து அடிக்கும், பிஞ்சில பாதி அதிலயே கொட்டும். மிச்சம் புரட்டாசிக்குப் பழுக்கும். ஏன் புரட்டாசி எண்டா அந்த நேரம் மாம்பழம் முடிஞ்சுது, பிலா முடிஞ்சுது, பனம்பழமும் முடியிற கட்டம், தின்ன வாறவைக்கு வேற பழமில்லை, எல்லாரும் இஞ்சதான் வருவினம். அடுத்த மாசம் மழை, விழுந்த விதை முளைக்கும். இது எனக்குச் சரியான பெருமையா இருந்த இடம். பிறகு என்ன நடந்தது எண்டு கடைசியில சொல்லுறன்.

ஆண் மரம் பெண் மரம் எண்டு இருக்கோ?

இல்லை. பனையில அந்தக் கரைச்சல் இருக்கு, விதையைப் போட்டுப் பத்துப் பன்ரெண்டு வருசத்துக்கு மேல காத்திருந்து பாளை வந்த பிறகுதான் ஆணோ பெண்ணோ எண்டு தெரியும், பெண் எண்டாத்தான் நுங்கும் பழமும். உவராத்தி ஒரே பூவில ரெண்டும்.

விதையில வேற விசேசம் இருக்கு. தேசி விதை ஒண்டை மண்ணில போட்டா சிலநேரம் ரெண்டு மூண்டு முளை வரும், கவனிச்சிருக்கிறீங்களோ? அதில ஒண்டுதான் அப்பன் ஆத்தை கலந்த பிள்ளை, மிச்சம் விதைக்குள்ள இருந்த தாயின்ர திசுவில இருந்து வாறது, தாயின்ர அச்சு. உவராத்தியும் அப்பிடி. அதால ஒட்டு வைக்காமலே நல்ல மரத்தின்ர குணம் விதையிலயே வரும், அயலட்டைக்கு விதை குடுத்தாலே காணும்.

கேக்க நல்லாக் கிடக்கு, செலவு பெரிசு. ஒரு ஊரில நிக்கிற மரமெல்லாம் ஒரே மரத்தின்ர அச்சு எண்டா ஒரு வருத்தம் வந்தா எல்லாத்துக்கும் வரும். வாழைக்கு நடந்ததே அதுதான், குட்டி பிரிச்சு நட்டு நட்டு உலகமெல்லாம் ஏற்றுமதி பண்ணின குறோ மிஷேல் எண்ட இனத்தை பனாமா வாடல் நோய் பிடிச்சு 1950களில அந்த வியாபாரமே மற்ற இனத்துக்கு மாற வேண்டி வந்தது. கதையில ஒரு இடத்தில இது வருது, சொல்ல மாட்டன்.

காய்க்க எத்தினை வருசம்?

விதையில 9 வருசம். ஒட்டு வைச்சா 4. ஒட்டு ஏன் கெதியா எண்டு கேட்டா, ஒட்டுற கிளை ஏற்கெனவே வயசுக்கு வந்த மரத்தில இருந்து எடுக்கிறது, அது சின்னப்பிள்ளையா மறுபடி வளரத் தேவையில்லை. அதைத் தவிர மந்திரம் ஒண்டும் இல்லை.

பழம் பாக்க எப்பிடி? ஆர் தின்னுவினம்?

முதல் படத்தில விளாம்பழம் மாதிரி ஓடு. பிறகு யோசிச்சன், அந்த ஓட்டை ஆர் உடைக்கிறது? காட்டில யானை விளாம்பழத்தை முழுசா விழுங்கும், எங்கட குடாநாட்டில யானைக்கு எங்க போறது. அதால தோலை மாத்தினன், தோடம்பழத்திலயும் கொஞ்சம் சின்னன், தோல் மாதிரி இழுபடுற கோது, பழுத்தாலும் சாம்பல் பச்சை, மஞ்சள் கூட வடிவா வராது. அவளுக்குச் சிவப்பு வேணும். சிவப்பும் கறுப்பும் பகலில வாற குருவியளுக்கு, நாவல் வீரை மாதிரி. உவராத்தி வௌவாலுக்கு, இரவில வாறவனுக்கு நிறம் முக்கியமில்லை, மணம் வேணும், பழம் இலைக்குள்ள ஒளியாம வெளியில தொங்கோணும், அப்பத்தான் செட்டை அடிபடாம வந்து பிடுங்கலாம். மணம் பழுத்த கொய்யாவும் பழஞ்சோறும் சேர்ந்த ஒரு மணம், எல்லாருக்கும் பிடிக்காது.

வௌவால் கடிச்சு விழுந்த பழத்தை எடுத்துத் தின்னாதேங்கோ, இது கற்பனை மரத்துக்கு இல்லை, மாவுக்கும் கொய்யாவுக்கும் சொல்லுறன். நிபா வைரசு தங்கியிருக்கிறது பழந்தின்னி வௌவாலில, 2018இல கேரளாவில வந்து 10 பேருக்கு மேல செத்தவை. கழுவி வெட்டித் தின்னலாம் எண்டு யோசியாதேங்கோ, எறியுங்கோ.

ஆடு விடுமோ?

விடாது! உப்புப் பூத்த இலை ஆட்டுக்கு மிக்சர் மாதிரி. எட்டுற உயரத்தில ஒரு இலை மிஞ்சாது. அதுக்குத்தான் இளம் மரத்துக்கு முள்ளு, அதோட சுத்திக் கிளுவைக் கதியால் வேலியும் போடோணும். பெரிய மரமானா குழை வெட்டிப் போடலாம், பூவரசும் முருக்கும் வெட்டுற மாதிரி, ஆனா கனக்கப் போட்டா ஆடு தண்ணியைத் தேடி அலறும்.

புழு பூச்சி?

தேசிக் கண்டு வைச்ச எல்லாருக்கும் இவரைத் தெரியும், சின்னனில குருவி எச்சம் மாதிரி, வளர்ந்தாப் பச்சை, தொட்டா தலையில செம்மஞ்சள் கொம்பு ரெண்டு நீட்டி நாறுவார். பிறகு கறுப்பும் மஞ்சளுமா வண்ணாத்திப்பூச்சியாப் போவார். தேசி, வில்வம், கறிவேப்பிலை எண்டு இந்தக் குடும்பத்தையே மேயிற ஆள், உவராத்தியை விட்டுவைக்க நியாயமில்லை. உப்பு அவருக்குப் பிடிக்காது எண்டு எழுதியிருந்தன், பிறகு அழிச்சன், அது மரத்துக்குச் செல்லம் குடுக்கிறதாப் போச்சு. மருந்து அடிக்க வேண்டாம், கையால பொறுக்கலாம்.

என்ன செய்து சாப்பிடலாம்?

மாமி ஒருத்தி இல்லாத பழத்துக்கு நாலு சமையல் சொன்னவ. பனங்கட்டியோட பிசைஞ்சு சாப்பிடலாம், விளாம்பழம் மாதிரி. காயைத் துருவி பச்சைமிளகாய் தேங்காய்ப்பூ போட்டுச் சம்பல். மூண்டாவது பனாட்டு மாதிரி பாயில ஊத்திக் காயவைக்கிறது, இதை நான் மறுத்தன், கயர் காயேக்க இன்னும் கூடும், பனங்களியிலயே அந்தக் கைப்பு இருக்கு, அதுக்கு ஃபிளாபெலிஃபெரின் எண்டு பேர் கூட இருக்கு, இன்னொரு கைப்புப் பாய் எதுக்கு. நாலாவது கூழுக்குப் புளிக்குப் பதிலா விடுறது. அது சரிவரும் எண்டுதான் நினைக்கிறன், நண்டும் மரவள்ளியும் போட்ட கூழ் எண்டா எதை விட்டாலும் சரிவரும்.

சர்க்கரை வருத்தத்துக்கு நல்லதோ?

இந்தக் கேள்விதான் ஆகலும் கூட வந்தது. மரம் இல்லை. இல்லாத மரத்தின்ர பழம் ஒரு வருத்தத்துக்கும் நல்லதில்லை. குளிசையை நிப்பாட்டாதேங்கோ, கிளினிக்குக்குப் போங்கோ.

கனடாவில வளருமோ, பேஸ்மென்ற்றில வைக்கலாமோ?

ரொறன்ரோ குளிருக்கு உறைபனி விழுந்த முதல் இரவே இலைக்குள்ள தண்ணி கட்டியாகி செல் சிதைஞ்சுபோகும். சாடியில வைச்சு மாரிக்கு உள்ள எடுக்கலாம், கறிவேப்பிலையை அப்பிடித்தானே பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறீங்கள். ஆனா அங்க குழாயில நல்ல தண்ணி வருது, உவராத்திக்கு வேலையே இல்லை.

விஞ்ஞானப் பேர் என்ன?

மருமகளுக்காக "உவராத்தியா ஜஃப்னென்சிஸ்" எண்டு வைச்சன். ரெண்டு சொல்லில பேர் வைக்கிறது லின்னேயஸ் 1753இல தாவரங்களுக்கு ஒழுங்காத் தொடக்கி வைச்ச வழக்கம், பனைக்கும் மாவுக்கும் இண்டைக்கும் அவர் வைச்ச பேர்தான். ஆனா நினைச்ச உடன பேர் வைக்க ஏலாது. உண்மையான செடியில ஒரு துண்டைக் காயவைச்சு, பேராதனையில இருக்கிற மாதிரி ஒரு ஹெர்பேரியத்தில (காய்ஞ்ச செடியளைச் சேர்த்து வைக்கிற இடம்) வைக்கோணும், விவரத்தை லத்தீனிலயோ ஆங்கிலத்திலயோ எழுதி வெளியிடோணும், 2012க்கு முதல் லத்தீன் கட்டாயம். என்னட்ட இருக்கிறது கிரேயோன் படம் ஒண்டு. ஹெர்பேரியத்தில எடுக்க மாட்டினம்.

கதைக்கு ஒரு மரம், அதுக்கு ஏன் இவ்வளவு கரைச்சல்? அவள் சின்னப்பிள்ளைதானே?

சின்னப்பிள்ளைதான் "ஏன்" எண்டு கேக்கிறது. பெரியாக்கள் "விலை என்ன" எண்டுதான் கேட்டவை.

எங்கயாவது பிழை விட்டிருக்கிறீங்களோ?

ஓம், பெரிய பிழை ஒண்டு. புரட்டாசிக்குப் பழுத்து ஐப்பசி மழைக்கு விதை முளைக்கும் எண்டு பெருமையாச் சொன்னனெல்லோ. அப்பா குறிப்பை வாசிச்சுப்போட்டு கண்ணாடியைக் கழட்டாமலே கேட்டார், "தேசி விதையை வெய்யில்ல காயவிட்டு நட்டுப் பாத்திருக்கிறியோ?" இல்லை. அவர் பாத்திருக்கிறார். காய்ஞ்சா முளைக்கிறது நல்லாக் குறையும், கன விதை அப்பிடியே செத்துப்போகும், அந்தக் குடும்பத்தில பலதின்ர விதை எடுத்த ஈரத்தோட மண்ணுக்க போகோணும். புரட்டாசி வெய்யில்ல செம்மண்ணில மூண்டு கிழமை கிடந்தா விதை கருவாடு. அப்பிடியெண்டா என்ர மரம் ஒரு தலைமுறையோட முடிஞ்சுது.

இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்டில் விதைக்கு வில்வம் மாதிரி பசையும் தடிச்ச கோதும் குடுத்து ஈரத்தைப் பிடிச்சு வைக்கோணும், அப்பிடியெண்டா மரம் அதுக்கும் செலவழிக்கோணும், விதையின்ர எண்ணிக்கை குறையும். இல்லாட்டி பழத்தை ஐப்பசிக்குத் தள்ளோணும், தள்ளினா காய்ஞ்சு கிடந்த மரம் முதல் மழையை ஒரேயடியா இழுத்து, மாதுளை வெடிக்கிற மாதிரி பழமெல்லாம் மரத்திலயே வெடிக்கும். நான் முதல் வழிக்கு எழுதத் தொடங்கியிருந்தன். அக்காவின்ர மகள் வெடிக்கட்டும் எண்டிறாள், அதைத்தான் கீறோணுமாம்.